ஐஸ் பெட்டிக் கடையில் ஒரு காலைப்பொழுது

சாவு வீட்டில் நமக்கு வாசல் வரைக்கும்தான் வேலை. மாலையைப் போட்டு, கொஞ்ச நேரம் கைகட்டி நின்றுவிட்டு, பந்தலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பந்தல் எங்கிருந்து வந்தது, பெட்டியை யார் இறக்கினார்கள், அவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? யாரும் கேட்பதில்லை. எனக்கு மட்டும் பல வருடமாக ஆசை. செஞ்சியில் சாமியானா, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ஓர் அண்ணன், "வா தம்பி, வந்து பாத்துக்க" என்று சொன்னதுதான் தாமதம், திண்டிவனத்தில் பஸ் மாறி ஓடிவிட்டேன்!

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை வெயிலில் தகதகக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராட்டியர் கோட்டைகள் 12-ல் இந்தக் கோட்டையும் ஒன்று. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்குள் பெட்டி கிடக்கிறதே!

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடி மூடி. கீழே நாலு சக்கரம். கால்மாட்டில் கம்ப்ரசர், அதன் பக்கத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு குழாய். கண்ணாடியில் வேர்க்கும் தண்ணீர் அதன் வழியாக வடிய, கீழே ஒரு வாளி. சுருட்டி வைத்த நீள ஒயர், ஒரு ஸ்டெபிலைசர். சில கூரை வீடுகளில் பிளக் பாயின்ட் அடுப்படியில்தான் இருக்குமாம். ஒயர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் உள்தகட்டை டெட்டால் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி கண்ணாடியைத் துணியால் துடைக்கிறார். அந்தக் கண்ணாடியை அவர் துடைத்த துடைப்பைப் பார்க்க வேண்டுமே! குழந்தையின் முகத்தைத் துடைப்பதைப்போல.

போன் அடித்தது. காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாவது கேள்வியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: "எப்படித் தவறினாங்க? கேஸ் எதுவும் இல்லையே?"

"துக்கத்துல இருக்கறவங்ககிட்ட இப்படிக் கேக்கலாமாண்ணே?"

"கேட்டுத்தான் ஆவணும் தம்பி. மல்லாட்டைக் கொல்லையில பாம்பு கடிச்சிருந்தாகூட அது கேஸ். போலீஸ் வந்து பாக்காம நான் பொட்டியில வெச்சா தப்பு."

அவர் சொன்னது சட்டத்தில் அப்படியே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174): தற்கொலை, கொலை, விலங்கால் சாவு, எந்திரத்தால் சாவு, விபத்து, எதுவானாலும் போலீஸ் நேரில் வந்து பிரேத விசாரணை செய்ய வேண்டும். பாம்பு அந்த 'விலங்கு'க்குள் வந்துவிடுகிறது. கிரஷரும் கதிரடிக்கும் மெஷினும் 'எந்திரத்துக்குள்' வந்துவிடுகின்றன. இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளர்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சட்டங்கள் எல்லாம் இந்த அண்ணனின் வாய்க்குள் ஒரே கேள்வியாக உட்கார்ந்திருக்கின்றன!

இன்னொன்றும் கேட்டேன். வாடகை பாக்கி வைத்தால்? "பொணத்தை வெச்சுக்கிட்டு பேரம் பேசக் கூடாது தம்பி. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம் போய்க் கேப்பேன்." இங்கிலாந்தில் ஒரு சிறைக் காவலர், கடனைத் தீர்த்தால்தான் கைதியின் உடலைத் தருவேன் என்று மறுக்க, அது கூடாது என்று 1841-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைப் பட்டயமும், பில் பாக்கியைக் காட்டி மருத்துவமனை உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. செஞ்சிக் கடைக்காரர் இதை எந்த ஏட்டிலும் படித்தவர் இல்லை.

மத்தியானம் அவர் வண்டியிலேயே, அதாவது குட்டியானையில், சுடுகாட்டுக்குப் போனோம். அங்கே இன்னோர் அண்ணன். அவர் மூட்டம் போடுவதை இரண்டு முழத்தில் நின்று பார்த்தேன். கீழே கட்டை, மேலே வறட்டி, அதன்மேல் வைக்கோல், கடைசியாகக் குழைத்த மண்ணை இரண்டு கையாலும் வழித்து வழித்துப் பூசுகிறார். பூசி முடித்ததும் விரலை விட்டு அங்கங்கே ஓட்டை. காற்று போகவும் புகை வரவும் அதுதான் வழி. எத்தனை ஓட்டை, எந்த இடத்தில் என்பதெல்லாம் அவர் கையின் கணக்கு. மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, கோடைக்கு ஒரு கணக்கு.

அவருக்குச் சேர வேண்டியதைக் கேட்டால், வாய்க்கரிசி, முழத்துண்டு, கால்பணம் என்று அரிச்சந்திரன் கதையிலிருந்து தொடங்குகிறார். அமெரிக்காவில் இறுதிச்சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொரு சேவைக்கும் விலை எழுதிய பட்டியலைக் கேட்டவர் கையில் கொடுக்க வேண்டும் என்று 1984-லிருந்து விதி இருக்கிறது. நம்மிடம் அந்தப் பட்டியல் கதையாகவே இருந்திருக்கிறது! ஆனால் கதையில் வரும் கால்பணத்தை வைத்து இன்றைக்கு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை இந்த வேலையில் கட்டிவைப்பது அநியாயம். செய்கிறவருக்குக் கையுறையும் முறையான சம்பளமும் தருவது உள்ளாட்சியின் கடன்.

பிறகுதான் அவர் அந்த நோட்டை எடுத்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்த பள்ளிக்கூட நோட்டு. தேதி, பெயர், வயது, அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயர், ஊர். எனக்குப் புல்லரித்தது. ஏன் என்றால், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 10-ஆம் பிரிவு இவரைத்தான் கைகாட்டுகிறது. மருத்துவச்சியைச் சொன்ன கையோடு, பிணத்தை அடக்கம் செய்யவோ எரிக்கவோ ஒதுக்கிய இடத்தின் காவலர் அல்லது உரிமையாளர், தமக்குத் தெரிந்த சாவைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வருகிறவரை வரவேற்கும் கையும் போகிறவரை அனுப்பும் கையும் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில்! அதே பிரிவில் டாக்டருக்கும் ஒரு கடமை: கடைசி நோயில் சிகிச்சை தந்தவர், சாவுக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும், அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

அந்த நோட்டைப் பார்த்த கையோடு திருநாதர்குன்றுக்கு ஏறினேன். செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. அங்கேதான், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு ஒரு கல்வெட்டு. சுமார் 1,500 ஆண்டு பழையது. யார், எத்தனை நாள், எப்படி இறந்தார், எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள். இந்த மண்ணின் இறப்புச் சான்றிதழ் அது! நோட்டில் இருப்பதும் இதுவும் ஒரே வேலை என்று எனக்குப் பட்டது.

செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளத்தின் கரையிலும் சாவோடு சேர்ந்த ஒரு மேடை உண்டு. 1714-ல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதி மாண்ட செஞ்சி மன்னர் தேசிங்கு ராஜாவை அங்கேதான் எரித்தார்கள் என்பது ஊர் வழக்கு. தோற்றவரின் உடலுக்கும் மரியாதை. 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: கண்ணியம் உயிரோடு இருப்பவருக்கு மட்டுமல்ல, உடலுக்கும் உண்டு. 2020 கொரோனாவில் சென்னையில் ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்களே, அப்போது சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, கண்ணியமான அடக்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் வருகிறது என்றது. அந்தக் கல்லை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது. வேண்டுமென்றே மனதைப் புண்படுத்த ஒரு பிணத்தை அவமதித்தாலோ, அடக்கத்துக்குக் கூடியவர்களுக்கு இடைஞ்சல் செய்தாலோ பாரதிய நியாய சன்ஹிதா 301-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது அண்ணன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார், உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் யாராவது தவறிவிட்டால் 155377-க்கு அடியுங்கள். இலவச அமரர் ஊர்தி வரும், டிரைவருக்குக் காசு தர வேண்டாம். சுடுகாட்டு அண்ணன் நோட்டை நீட்டும்போது, ஆதாரில் இருக்கிறபடி பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் நேர்ந்த சாவு என்றால், கிராமத்தில் வி.ஏ.ஓ., செஞ்சி மாதிரி ஊரில் பேரூராட்சி அலுவலகம், 21 நாளுக்குள் போய்ப் பதிந்துவிடுங்கள். அதற்குள் போனால் தாமதக் கட்டணம் கிடையாது.