வரைபடத்தைக் கொடுக்கும் முன்

பிறையில் எங்களுக்குச் சிறிய கடைசல் பட்டறை ஒன்று உண்டு. அலுமினியத்தை முடியளவும் பிசகாமல் கடைந்து தருவோம். ஆனால், மின்னணுப் பலகை வடிவமைக்கத் தெரியாது. மோட்டாரின் அதிர்வை அளக்கும் கருவி ஒன்றைச் சொந்தமாகத் தயாரிக்க ஆசைப்பட்டபோது, அந்தக் குறைதான் வழிமறித்தது.

ஒரு கண்காட்சியில் அறிமுகமானவர், சேர்ந்தே செய்யலாம் என்றார். அன்றிரவே முழு வரைபடத்தையும் அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் அதே வடிவம் வேறொருவர் பெயரில் விற்பனைக்கு வந்தது. வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்வி: "ஒப்பந்தம் எங்கே?" என்னிடம் இருந்தது அவருடைய பெயர் அட்டை மட்டும்.

அப்பா திட்டவில்லை. "வாடகைக்கு ஆள் வைக்கவே நாலு இடத்துல விசாரிக்கிறோம். இதுக்கு விசாரிச்சியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த முறை விசாரித்தேன். முதலில், எங்களிடம் என்ன இல்லை என்பதை ஒரே பக்கத்தில் எழுதினேன்: பலகையின் அளவு, தாங்கவேண்டிய வெப்பம், எத்தனை வேண்டும். வரைபடம் அதில் இல்லை. அந்தத் தாளை எங்களுக்குப் பொருள் விற்பவர்களிடமும், அளவுக்கருவிகளைச் சரிபார்க்க வருபவரிடமும் காட்டினேன். யார் வேலையில் சுத்தம், யார் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கியது. அங்கே பெரிய ஆலைகளில் கைதேர்ந்த பொறியாளர்கள் பலர் பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கியிருக்கிறார்கள். 1989-இல் உருவான பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் போன்ற பயிற்சி இடங்களிலும் இப்படிப்பட்டவர்களைச் சந்திக்கலாம்.

மூன்று பேர் தேறினார்கள். பேச்சைத் தொடங்கும் முன்பே இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பு வெளியே கசிந்தால், பல நாடுகளில் காப்புரிமை கிடைக்காமல் போகலாம். யார் எதைக் கொண்டுவருகிறார், புதிதாகப் பிறப்பது யாருக்குச் சொந்தம், செலவு யாருடையது, பிரிந்தால் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் வைத்தோம்.

பிறகு, காசு கொடுத்து இரண்டே இரண்டு மாதிரிகள் கேட்டேன். ஒரு நிறுவனத்தின் மாதிரி வெப்பத்தில் செயலிழந்தது. நாங்கள் சோதித்துப் பார்ப்பதற்குள் அவர்களே தொலைபேசியில் அழைத்து, தவறு தங்களுடையது என்றார்கள், காரணத்தையும் சொன்னார்கள்.

அவர்களோடுதான் இன்றும் வேலை செய்கிறோம். நல்ல செய்தியை எல்லாரும் சொல்வார்கள். கெட்ட செய்தியை முந்திக்கொண்டு சொல்பவரே கூட்டாளி.