கல்லும் பேசும்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் மக்கள் பலர் வாழ்கிறோம். பிழைப்பு மும்பையில். சொந்த ஊர் தமிழ்நாட்டில். கோடை விடுமுறைக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகிறோம்.

உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். ஏரிக் கரையில், வயல் நடுவில், வேப்ப மரத்தடியில் பழைய கல் ஏதாவது நிற்கிறதா? அதில் வில் பிடித்த ஆள் உருவம் இருக்கிறதா? பக்கத்தில் எழுத்து இருக்கிறதா? இருந்தால், அது நடுகல்லாக இருக்கலாம்.

நடுகல் என்றால் என்ன?

போரில் இறந்த வீரனின் நினைவாக நட்ட கல் நடுகல். வீரக்கல் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். ஒரு ஊர் மாட்டை மற்ற ஊரார் ஓட்டிப் போவார்கள். மாட்டை மீட்கச் சண்டை நடக்கும். அதில் இறந்தவனுக்கு ஊரார் கல் நடுவார்கள். புலியோடு போராடி இறந்தவனுக்கும் கல் உண்டு.

கல் நடுவதற்கு முறை இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு படியாகச் சொல்கிறது. நல்ல கல்லைத் தேடிப் பார்ப்பார்கள். அதை எடுத்து வருவார்கள். நீராட்டுவார்கள். நடுவார்கள். படையல் வைப்பார்கள். கடைசியில் வாழ்த்துவார்கள்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு சில நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் கண்டெடுத்தார்கள். அவற்றில் தமிழி என்னும் மிகப் பழைய எழுத்து இருக்கிறது. அந்தக் கற்கள் 2,000 ஆண்டுக்கும் முந்தியவை என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். ஒரு கல் கூடலூரில் நடந்த மாட்டுச் சண்டையைச் சொல்கிறது.

நாய்க்கும் பெருமை

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே உள்ள ஒரு நடுகல் மகேந்திரவர்மன் என்ற பல்லவ அரசன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டு பழையது.

அந்தக் கல் யாருக்காக? அரசனுக்கா? இல்லை. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக. எருமைகளைக் காக்கப் போராடி அவன் இறந்தான். அவனோடு ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காவல் காத்தது. ஊரார் நாயின் உருவத்தையும் கல்லில் செதுக்கினார்கள். அதன் பெயரையும் எழுதினார்கள்.

எத்தனையோ பணக்காரர்கள் பெயர் மறைந்து போய் விட்டது. எருமையைக் காத்தவன் பெயரும் அவன் நாயின் பெயரும் இன்றும் இருக்கின்றன. எழுத்தின் பலன் இதுதான்.

மும்பையிலும் உண்டு

நடுகல்லைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டுமா? வேண்டாம். மாகிம் நிலையத்தில் லோக்கல் ரயில் ஏறுங்கள். போரிவிலியில் இறங்குங்கள். மேற்குப் பக்கம் எக்சர் என்ற பழைய கிராமம் இருக்கிறது. அங்கே பெரிய வீரக்கற்கள் உள்ளன. மராத்தியில் வீர்கள் என்பார்கள்.

அந்தக் கற்களில் கடல் சண்டையைச் செதுக்கி இருக்கிறார்கள். கப்பல்கள் வரிசையாகப் போகின்றன. ஆட்கள் துடுப்புப் போடுகிறார்கள். கீழே சண்டை. மேலே போகப் போக, இறந்த வீரன் சொர்க்கம் சேர்கிறான். இது 13ஆம் நூற்றாண்டில் சிலாகார அரசன் சோமேசுவரனுக்கும் யாதவ அரசன் மகாதேவனுக்கும் நடந்த போர் என்று சிலர் கருதுகிறார்கள். இன்னும் பழையது என்று கூறுவோரும் உண்டு.

கல் எப்படி அழிகிறது?

எங்கள் படிப்பு மையத்துக்கு வரும் ஒரு பெரியம்மா சொன்னார்: "எங்க ஊரு ஓடையில துணி தொவைக்கிற கல்லுல ஒரு ஆளு வில்லு புடிச்சிக்கினு நிக்கிறான் தம்பி. தொவைச்சு தொவைச்சு அவன் மூஞ்சியே தேஞ்சு போச்சு."

பல ஊர்களில் இதுதான் நிலை. சில கற்கள் படிக்கட்டாகி விட்டன. சில கற்கள் சாலை போடும்போது மண்ணில் புதைந்தன. சில கற்களை உடைத்து வீட்டு அடித்தளத்தில் போட்டு விட்டார்கள். செய்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அது என்ன கல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நல்ல எண்ணத்தாலும் கெடுதல் வருகிறது. அழகாக இருக்கட்டும் என்று பெயிண்ட் அடிக்கிறார்கள். எழுத்து மறைந்து விடுகிறது. அழுக்குப் போகட்டும் என்று கம்பி பிரஷால் தேய்க்கிறார்கள். ஆசிட் ஊற்றுகிறார்கள். எழுத்து தேய்ந்து விடுகிறது. விழாமல் நிற்கட்டும் என்று சிமெண்ட் பூசுகிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே தேக்கி வைக்கும். அதில் உள்ள உப்பு கல்லுக்குள் இறங்கும். கல் பொரிந்து உதிரும்.

கல் எப்படிப் பிழைக்கிறது?

ரோம் நகரத்தில் செஸ்டியஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. பிரமிடு வடிவம். 2,000 ஆண்டு பழையது. அதைச் சுற்றி இருந்த எத்தனையோ கல்லறைகள் அழிந்தன. இது மட்டும் ஏன் தப்பியது? பிற்காலத்தில் நகரத்துக்கு மதில் கட்டினார்கள். கல்லறையையும் மதிலோடு சேர்த்துக் கட்டி விட்டார்கள். ஊருக்குப் பயன்பட்டதால் நிலைத்து நின்றது. பிறகு புகையாலும் செடி கொடியாலும் கறுத்துப் போனது. ஜப்பான் வியாபாரி ஒருவர் பணம் கொடுத்தார். 2015இல் அதைச் சுத்தம் செய்து முடித்தார்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் மக்கள் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். சாமி கல் என்பதால் யாரும் உடைக்கவில்லை. கும்பிட்ட மக்களே காவலர்கள். இப்படிப் பிழைத்த செங்கம் பகுதிக் கற்களைத் தமிழக அரசின் தொல்லியல் துறை படித்தது. 1972இல் நூலாக வெளியிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

கல்லை இடத்தை விட்டு அசைக்க வேண்டாம். எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் ஒரு செய்திதான்.

பெயிண்ட், சிமெண்ட், ஆசிட், கம்பி பிரஷ் வேண்டாம். சுண்ணாம்பும் மாவும் தடவ வேண்டாம்.

எழுத்தைப் பார்க்க வேண்டுமா? காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைப் பக்கத்தில் இருந்து அடித்தும் பார்க்கலாம். செல்போனில் படம் எடுங்கள்.

பழைய எழுத்து வேறு மாதிரி இருக்கும். பெரிய படிப்புப் படித்தவருக்கும் புரியாது. அதைப் படிக்கத் தொல்லியல் துறையில் ஆட்கள் உண்டு. அவர்கள் ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து அப்படியே தாளில் வந்து விடும். இதற்கு மைப்படி என்று பெயர்.

கல்லை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் கொடுக்க வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையையோ சிற்பத்தையோ வெளிநாட்டுக்குக் கடத்துவது குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஒரு மனு எழுதுவோம்

கல்லைக் கண்டால் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்து போகும். எழுதிக் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"வட்டாட்சியர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் ஊர் ............. இங்கே ............. பக்கத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது. அதில் ............. உருவம் உள்ளது. எழுத்தும் உள்ளது. படம் இணைத்துள்ளேன். தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, கல்லைக் காப்பாற்ற வேண்டுகிறேன். இப்படிக்கு, ............."

மனுவில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். ஒரு நகலை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள். மனு வாங்கியதற்கு ரசீது கேளுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் பழைய கல் எதுவும் இருக்கிறதா? அதைப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2. எடுத்தனூர் மக்கள் நாயின் பெயரையும் ஏன் எழுதினார்கள்?

3. நம் காலத்தில் யாருக்குக் கல் நடலாம்? அதில் என்ன எழுதலாம்?