காலாவதியாகாத உரிமம், தேய்ந்துபோகும் திறமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சொந்தப் பிரயாணத்துக்காகச் சிறு விமானம் ஓட்ட விரும்பும் ஒருவர் பொதுவாகத் தனி விமானி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பொது விதியின்படி அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழகவேண்டும். அவற்றுள் 20 மணி நேரமாவது ஆசிரியருடனும், 10 மணி நேரமாவது தனியாகவும் பறந்திருத்தல் வேண்டும். பின்னர் எழுத்துத் தேர்விலும், வாய்மொழித் தேர்விலும், செய்முறைத் தேர்விலும் வெற்றி பெறுகிறவருக்கு உரிமம் வழங்கப்படுகிறது. அந்த உரிமத்தில் காலாவதித் தேதி கிடையாது. அதிகாரிகள் ரத்து செய்தாலன்றி, அது வாழ்நாள் முழுவதும் செல்லும்.

ஆனால் உரிமத்தைப் பெற்றுத் தந்த திறமை அவ்வாறு நிலைத்து நிற்பதில்லை. பழக்கம் குறையக் குறைய அது தேய்ந்துகொண்டே போகிறது. உரிமத்தின் ஆயுளுக்கும் திறமையின் ஆயுளுக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பது அந்நாட்டு விமானத்துறையினர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பிரச்னை. அதற்காக அவர்கள் வகுத்த ‘விங்ஸ்’ என்னும் விருப்பப் பயிற்சித் திட்டமும், அது பின்னர் மாற்றியமைக்கப்பட்ட விதமும், முன்பு கற்றதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கையாளவேண்டிய எத்தொழிலினரும் கருத்தில் கொள்ளத்தக்கவை.

திறமை மங்கும் விதம்

கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை முறையாக அளந்து பார்த்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய உளநூலறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, குறித்த நேரம் கழித்து எவ்வளவு நினைவிலுள்ளது என்று தம்மையே சோதித்து, 1885 ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதலில் மிக வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே மூச்சில் கற்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கற்பது நினைவில் நிற்கிறது என்பதும் அவர் கண்ட உண்மைகள்.

விமானம் ஓட்டும் திறமையும் இதற்கு விலக்கன்று. உரிமம் பெற்ற தனி விமானிகளை 8, 16, 24 மாதங்களுக்குப் பின் சோதித்த ஓர் ஆய்வின் முடிவுகள் 1983 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் அறிக்கையாக வெளிவந்தன. அடிக்கடி பறக்காத புதிய விமானிகளின் திறமை விரைவாகவும் கணிசமாகவும் குறைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. அதனினும் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. தம் திறமை எந்த அளவு குறைந்துள்ளது என்பதைத் தாமே மதிப்பிடுவதில் அவ்விமானிகள் நம்பத்தக்கவர்களாக இல்லை.

தேய்மானம் எல்லாத் திறமைகளிலும் ஒரே அளவாக ஏற்படுவதும் இல்லை. போயிங் 747-400 விமானத்தின் போலிப் பறப்பு யந்திரத்தில் விமானக் கம்பெனி விமானிகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2014 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கருவிகளை வரிசையாகப் பார்வையிடுவதும், கையால் விமானத்தைச் செலுத்துவதும் பெரும்பாலும் குறையாமல் இருந்தன. விமானம் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து என்ன செய்யவேண்டும், எந்தக் கருவி பழுதுபட்டிருக்கிறது என்று சிந்தித்து அறியும் திறமைகளிலேயே தடுமாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. கை மறப்பதற்கு முன்பே மனம் மறந்துவிடுகிறது எனலாம். கை ஒழுங்காக இயங்குவதால், மனத்தின் குறை அதற்குரியவருக்கே தெரியாமற் போகிறது.

ஒரு திருப்பத்தில் உள்ள கணக்கு

இந்தத் தேய்மானத்தின் விளைவு என்ன என்பதை எளிய கணக்கு ஒன்றினால் விளக்கலாம். விமானத்தின் இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையேயுள்ள கோணம் ஓர் எல்லையைக் கடந்தால், காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடுகிறது. தூக்கு விசை குலைந்து விமானம் தாழ்கிறது. விமானிகள் இதனை ‘ஸ்டால்’ என்பர். விமானம் நேராகப் பறக்கையில் இந்நிலை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்படுவதாகக் கொள்வோம். அதே விமானம் உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பினால், ஸ்டால் நிகழும் வேகம் சுமார் 107 கிலோமீட்டர் ஆகிறது. 45 பாகை சாய்ந்தால் 119. 60 பாகை சாய்ந்தால் 141. திரும்பும்போது இறக்கை, விமானத்தின் எடையைத் தாங்குவதுடன் அதை வளைவிலும் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 60 பாகைச் சாய்வில் இறக்கை தாங்கும் பாரம் இருமடங்காகிறது. பாரத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப ஸ்டால் வேகம் உயர்கிறது.

இறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பத்தில் திரும்பும் விமானி, காற்றின் போக்கால் பாதையைத் தாண்டிச் சென்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் பதற்றத்தில் இன்னும் கூடுதலாகச் சாய்த்து, மூக்கை உயர்த்துகிறார். உரிமம் பெற்ற நாளில் மேற்கண்ட கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, தரைக்குச் சில நூறு அடி உயரத்தில், அது நினைவுக்கு வருவதில்லை. மீள்வதற்கு வேண்டிய உயரமும் அங்கே கிடையாது. சிறு விமானங்களுக்கு நேரும் உயிர்ச்சேதமுள்ள விபத்துக்களுள், பறக்கையில் கட்டுப்பாட்டை இழப்பதே நெடுங்காலமாக முதலிடம் வகித்துவந்திருக்கிறது. விமானியின் அருகே அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அவருடைய மனைவி மக்களோ நண்பர்களோ ஆவர். அவருடைய திறமை தேய்ந்திருப்பதை அறிய அவர்களுக்கு வழியே இல்லை.

சட்டம் கேட்பது என்ன?

விமானக் கம்பெனிகளில் ஊதியத்துக்குப் பணிபுரியும் விமானிகள் குறித்த காலந்தோறும் கடுமையான சோதனைகளுக்கு உட்படுகின்றனர். தனி விமானிக்கு அத்தகைய கட்டாயம் குறைவு. பிரயாணிகளை ஏற்றிச் செல்வதாயின், முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை மேலேறி மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும். இதைத் தாமே தனியாகச் செய்துகொள்ளலாம். அன்றியும், 1974 ஆம் ஆண்டு முதல், 24 மாதங்களுக்கு ஒருமுறை ஆசிரியர் ஒருவருடன் பறப்பு மீளாய்வு நடத்திக்கொள்ளவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இன்றைய விதியின்படி அதன் குறைந்த அளவு தரையில் ஒரு மணி நேரப் பாடமும், வானில் ஒரு மணி நேரப் பயிற்சியும் ஆகும்.

இது தேர்வு அன்று. இதில் தோல்வி என்பதும் இல்லை. ஆசிரியருக்குத் திருப்தி ஏற்பட்டால் பறப்புப் பதிவேட்டில் கையொப்பமிடுவார். இல்லையேல், அன்று நடந்ததைப் பயிற்சி என்று மட்டும் குறிப்பார். விதி நல்லதே. எனினும் இரண்டாண்டுகளில் இரண்டு மணி நேரம் என்பது, முற்கூறிய தேய்மானத்தோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிய அளவே ஆகும்.

பழைய திட்டம்

இந்தக் குறையை நிரப்பும் பொருட்டே விமான நிர்வாகம் விங்ஸ் என்ற திட்டத்தை நடத்திவந்தது. சிறகுகள் என்பது அச்சொல்லின் பொருள். இதில் சேருவது விமானியின் விருப்பத்தைப் பொறுத்தது. 1996 ஆம் ஆண்டின் சுற்றறிக்கைப்படி, ஒரு கட்டத்தை முடிப்பதற்கு ஆசிரியருடன் மூன்று மணி நேரம் பறக்கவேண்டும். ஒரு மணி நேரம் திருப்பம், ஸ்டால் முதலிய அடிப்படைப் பயிற்சிகள். ஒரு மணி நேரம் மேலேறுதலும் தரையிறங்குதலும். ஒரு மணி நேரம் வெளியே பாராமல் கருவிகளை மட்டும் கொண்டு பறத்தல். இவற்றுடன் பாதுகாப்புக் கருத்தரங்கு ஒன்றுக்கும் சென்றுவர வேண்டும். அனைத்தையும் 12 மாதங்களுக்குள் முடித்தவருக்குச் சான்றிதழும், சட்டையில் அணியும் சிறகுச் சின்னமும் வழங்கப்பட்டன. அவருக்குப் பறப்பு மீளாய்வும் தேவையில்லை என்று விதியே சலுகை அளித்தது.

எளிமை இத்திட்டத்தின் சிறப்பு, குறையும் அதுவே. மூன்று மணி நேரம் பறந்தார் என்பதைத் திட்டம் அளந்ததேயன்றி, எவ்வளவு நன்றாகப் பறந்தார் என்பதை அளக்கவில்லை. மேலும், அனுபவம் மிக்கவருக்கும் புதியவருக்கும் ஒரே பாடமே அமைந்திருந்தது.

மாற்றப்பட்ட திட்டம்

2007-08 ஆம் ஆண்டுகளில் விங்ஸ் திட்டம் அடியோடு மாற்றியமைக்கப்பட்டது. முதல் மாற்றம் பாடத்தைப் பற்றியது. ஒரு கட்டத்துக்கு அறிவுப் பாடங்கள் மூன்றும், பறப்புப் பாடங்கள் மூன்றும் வகுக்கப்பட்டன. விபத்துக்களுக்கு எவை காரணமாயின என்ற ஆராய்ச்சியை ஒட்டி அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. தீர்மானம் செய்யும் முறை, விமானத்தின் ஆற்றலும் எல்லைகளும், புறப்படுமுன் செய்யவேண்டிய திட்டமும் எரிபொருட் கணக்கும் ஆகியவை அறிவுப் பாடங்களுள் அடங்கும். மேலேறுதல், தரையிறங்குதல், இறங்க முற்பட்டுத் திரும்பவும் மேலேறுதல், விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருத்தல் ஆகியவை பறப்புப் பாடங்களுள் அடங்கும்.

இரண்டாவது மாற்றம் அளவுகோலைப் பற்றியது, இதுவே தலையாயது. மணிக்கணக்கு கைவிடப்பட்டது. உரிமத் தேர்வில் எந்தத் தரம் எதிர்பார்க்கப்படுகிறதோ அதனை ஒட்டிய தரத்தில் செய்துகாட்டினால்தான் பறப்புப் பாடம் நிறைவேறியதாக ஆசிரியர் ஒப்புவார். சான்றாக, தனி விமானியின் தேர்வில் 45 பாகை சாய்ந்து முழு வட்டமிடும்போது உயரம் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. வேகம் 10 நாட்டுக்கு மேல் மாறலாகாது. அரை மணி நேரத்தில் இதைச் செய்துகாட்டுபவர் அத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேரமாகியும் இயலாதவர் மேலும் பழகவேண்டும். 2016 ஆம் ஆண்டு முதல் உரிமத் தேர்வின் தரங்களும் அறிவு, அபாயத்தைக் கணித்து நடத்தல், கைத்திறன் என்ற மூன்றையும் ஒருங்கே சோதிக்கும் வகையில் திருத்தப்பட்டன.

மூன்றாவது மாற்றம் படிகளைப் பற்றியது. அடிப்படை, மேல்நிலை, தலைநிலை என மூன்று படிகள் அமைந்தன. சாதாரண மீளாய்வைவிடச் சற்று உயர்ந்த பயிற்சியை நாடுவோர்க்கு முதற்படி. அதற்கு மேலும் முன்னேற விழைவோர்க்கு இரண்டாவது. தாம் பறக்கும் சூழ்நிலைக்கேற்பத் தனிப் பாடங்களைத் தேர்ந்துகொள்ள விரும்புவோர்க்கு மூன்றாவது.

நான்காவது மாற்றம் காலத்தைப் பற்றியது. நிறைவேற்றிய ஒவ்வொரு பாடத்துக்கும் 12 மாத ஆயுள் விதிக்கப்பட்டது. முதலில் முடித்த பாடங்கள் காலாவதியாவதற்குள் மற்றவற்றையும் முடித்தால்தான் கட்டம் நிறைவேறும். இவ்விதம், ஆண்டில் ஒருநாள் முயன்று ஓய்ந்துவிடாமல், சிறுசிறு பயிற்சிகளை ஆண்டு முழுவதும் பரப்பிச் செய்துகொள்ள வழி ஏற்பட்டது. எபிங்ஹவுஸ் கண்ட உண்மைக்கு இசைந்த ஏற்பாடு இது. அறிவுப் பாடங்களைக் கருத்தரங்குகளில் மட்டுமன்றி, இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தே கற்கவும், கணக்கைப் பதிவுசெய்துகொள்ளவும் வசதி செய்யப்பட்டது.

விருப்பத்தின் எல்லை

புதிய திட்டம் குறைகூறலுக்கு இலக்காகாமல் இல்லை. மூன்று மணி நேரமும் ஒரு கருத்தரங்கும் என்ற கணக்கு எவருக்கும் எளிதில் விளங்கியது. படிகளும் கட்டங்களும் பாடங்களும் கொண்ட புதிய முறை, பழையதில் ஊறியவர்களுக்குச் சிக்கலாகத் தோன்றியது. கூட்டத்துக்கு வந்து மற்ற விமானிகளுடன் கலந்து பேசிய பழக்கத்துக்கு, வீட்டில் தனித்திருந்து கணினியில் கற்பது முழு ஈடாகாது என்பதும் நியாயமான கருத்தே.

இவற்றைவிட ஆழமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. விருப்பப் பயிற்சிக்கு முன்வருவோர் பெரும்பாலும் ஏற்கெனவே கவனமுள்ளவர்கள். தம் திறமை குறையவில்லை என்று நம்புகிறவர் வருவதில்லை. அந்த நம்பிக்கையோ, முன்கூறிய ஆய்வின்படி, நம்பத்தக்கதன்று. ஆகவே பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவரே வெளியில் நின்றுவிடுகிறார். விங்ஸில் சேர்ந்தோர்க்கு விபத்துக் குறைவு என்று காட்டப்பட்டாலும், அது பயிற்சியின் பயனா அல்லது சேர்ந்தவர்களின் இயல்பா என்று பிரித்தறிவது எளிதன்று.

கட்டாயமாக்கிவிட்டால் இந்த இடர்ப்பாடு தீர்ந்துவிடாதா என்ற கேள்வி எழலாம். கட்டாயமான காரியம் குறைந்த அளவோடு நின்றுவிடும் இயல்புடையது. மேலும், தண்டனைக்கு அஞ்சுகிறவர் தம் பலவீனத்தை ஆசிரியரிடமிருந்து மறைப்பார். தாமாக வந்தவரோ, ‘குறுக்குக் காற்றில் இறங்க எனக்கு அச்சமாக இருக்கிறது’ என்று கூறத் தயங்கமாட்டார். இதனாலேயே குறைந்த அளவைச் சட்டத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டதை விமானியின் விருப்பத்திலும் விட்டு, இரண்டுக்கும் இடையே மீளாய்வுச் சலுகை என்ற பாலம் போடப்பட்டிருக்கிறது.

கற்பிப்போர்க்கும் களப்பணியாளர்க்கும்

ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், விவசாய விரிவாக்க ஊழியர் ஆகிய அனைவரும் ஒருமுறை பெற்ற சான்றிதழைக் கொண்டே பல ஆண்டுகள் பணி புரிகின்றனர். அவர்களுக்கும் மறுபயிற்சி வகுப்புக்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் பலவற்றில் எத்தனை நாள் வந்திருந்தார் என்பதே கணக்கில் கொள்ளப்படுகிறது. விங்ஸ் திட்டத்தின் மாற்றம் இங்கே மூன்று படிப்பினைகளைத் தருகிறது. வருகையை அளவிடாமல் செய்துகாட்டும் திறனை அளவிடுக. நீண்ட பயிற்சியை ஒரே முறையாக நடத்தாமல், சிறு பகுதிகளாகப் பிரித்து ஆண்டு முழுவதும் பரப்புக. தம்மைத் தாமே மதிப்பிடுவதை மட்டும் நம்பாமல், நட்புடன் குறையைச் சுட்டும் மற்றொருவர் உடனிருந்து பார்க்கட்டும்.

இவற்றுள் மூன்றாவதே அருமையானது. சிறு விமானத்தின் வலப்புற இருக்கையில் அமரும் பயிற்சி ஆசிரியர் செய்வது பெரும்பாலும் அமைதியாகக் கவனிப்பதுதான். திருப்பத்தில் உயரமானி 150 அடி இறங்கிவிட்டதை விமானி காணாதிருக்கலாம். ஆசிரியர் காண்கிறார், கூறுகிறார். அன்று அது ஒரு பாடமாக முடிகிறது. அவ்வாறு கூறுவதற்கு எவரும் இல்லாத வேறொரு நாளில், தரைக்கு அருகில், அதே பிழை உயிரைக் கேட்கும்.