பப்பை மூடினா யாருக்கு நஷ்டம்?

பப்னா டிஜே, டான்ஸ்னுதான் தோணும், இல்லையா? ஆனா அது 'பப்ளிக் ஹவுஸ்'ங்கிறதோட சுருக்கம். பேர்லயே 'பொது' இருக்கு.

லண்டன் ஹாக்னியில விக்டோரியா ராணி காலத்துப் பப் ஒண்ணு, செஷாம் ஆர்ம்ஸ். அக்கம்பக்கத்துக்காரங்க கூடிப் பேசுற இடம். 2012-ல மூடிட்டாங்க. வாங்கினவங்களுக்கு அதை வீடாவும் ஆபீஸாவும் மாத்தினா லாபம். ஊர்க்காரங்க விடல.

2011-ல வந்த சட்டப்படி அதைச் 'சமூக மதிப்புள்ள சொத்து'ன்னு பதிவு பண்ண வெச்சாங்க. இப்படிப் பதிவான இடத்தை விக்கணும்னா, ஊர்க்காரங்க பணம் திரட்ட 6 மாசம் அவகாசம் கேட்கலாம்னு அப்போ விதி இருந்துச்சு. ஆனா விக்காமலே ஆபீஸா மாத்தினா? அதுக்கும் அனுமதி கட்டாயம்னு கவுன்சில் தனி உத்தரவு போட்டுச்சு. 2015-ல பப் திரும்பத் திறந்துச்சு.

2017-லிருந்து இங்கிலாந்து முழுக்கவே எந்தப் பப்பையும் இடிக்கவோ மாத்தவோ அனுமதி வாங்கணும். கட்டிடம் ஒருத்தரோடதா இருக்கலாம். கூடுற உரிமை தெருவுக்கே சொந்தம்.