பாலையில் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஓர் இரவு
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

பாலைவனம் என்றதும் நம் கண்முன் நிற்பது தார் பாலைவனத்து மணற்குன்றுகளும் ஒட்டகங்களுமே. நமக்குப் பக்கத்திலேயே, பாலை போல் வறண்ட ஒரு காடும், அதன் நடுவே வற்றாது ஓடும் ஓர் ஆறும், அதன் கரையில் தங்குவதற்கு ஒரு மரவீடும் உண்டு என்றால் நம்புவீர்களா, நண்பர்களே?

உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்தால், கேரள எல்லையில் வருவது சின்னாறு. 1984-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. கோடை விடுமுறையில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், சென்ற ஜூலையில் நண்பர்கள் இருவருடன் அங்கே சென்றேன். கேரள வனத்துறையில் முன்பதிவு செய்திருந்தோம். முதுவர் இனத்து வழிகாட்டி ஒருவர் எங்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்றார்.

வழியெங்கும் உடைமரமும் கள்ளியுமே. காற்று அனலாக வீசியது. ஆனால் கூட்டாற்றை அடைந்ததும் காட்சி மாறியது. பாம்பாறும் சின்னாறும் கலக்கும் அவ்விடத்தில் வெள்ளம் நுரைத்து ஓடியது. கரையில் வானளாவிய நீர்மருது மரங்கள்! ஒரு சொட்டு மழையில்லாத இடத்தில் இவ்வளவு நீர் எப்படி வந்தது?

விடை மலையில் இருக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுகிறது. குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. 2695 மீட்டர் உயர ஆனைமுடி இருப்பது அங்கேதான். மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றோ வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. இதனையே மழைமறைவுப் பகுதி என்கிறோம். சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் மூணாறு நனைந்துகொண்டிருக்க, சின்னாறு ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையோடு நின்றுவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையே.

மலைமேல் பெய்த மழையைச் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் பஞ்சுபோல் உறிஞ்சி, சிறுகச் சிறுக விடுகின்றன. அதனால்தான் மழையற்ற மாதங்களிலும் பாம்பாறு ஓடுகிறது. கரை மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்பதால், அரிய சாம்பல் நிற மலையணில் தரையிறங்காமலே தாவித் திரிகிறது. இந்நீரே 1957-இல் கட்டப்பட்ட அமராவதி அணையில் தேங்கி, நம் மாவட்டத்து வயல்களுக்கு வருகிறது.

மரவீட்டில் மின்விளக்கில்லை. யானை வராதிருக்கச் சுற்றிலும் அகழி வெட்டியிருந்தார்கள். வழிகாட்டி விறகடுப்பில் கஞ்சி காய்ச்சித் தந்தார். இரவு முழுவதும் ஆற்றின் ஓசை. எனக்கு உறக்கம் வரவில்லை. நொய்யல் நினைவுக்கு வந்தது.

நொய்யலும் மலைமகள்தான், வெள்ளியங்கிரியில் பிறந்தவள். ஆனால் நான் அறிந்த நொய்யல் சாய நிறத்தது. பாசனத்திற்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எனக்கு ஐந்து வயது. சாயப்பட்டறைத் தொழிலாளியான அப்பா வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருந்தது நிழலாய் நினைவிருக்கிறது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு வந்த பின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கின. ஆற்றையும் கெடுக்காமல் அடுப்பையும் அணைக்காமல் தொழில் நடத்தலாம் என்பதற்கு அந்த ஏற்பாடே சான்று. அதில் ஒரு நாளும் தவறாதிருப்பதே நம் கடமை. முதலிலேயே செய்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

வீடு திரும்பியதும் அப்பா யானையைப் பற்றிக் கேட்கவில்லை. "தண்ணி என்ன நெறமா இருந்துச்சு கண்ணு?" என்றார்.

"மழைத்தண்ணி, கொஞ்சம் மண் நெறமா இருந்துச்சுங்கப்பா. வேற நெறமே இல்லீங்க."

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்களில் அன்று நீலம்.

மலை தந்த நீரை அதன் நிறத்திலேயே கடலுக்கு அனுப்பிவைக்க, அறிவியல் பயிலும் நாம் உறுதி பூணுவோமாக!