பெட்டியைப் பார்த்தால் போதுமா?

கடையில் பத்து வகை சோப்பு இருக்கிறது. எதை வாங்குவது? எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அதனால் மனம் ஒரு குறுக்கு வழியைத் தேடுகிறது. பழகிய நிறம், பழகிய வாசனை, அடிக்கடி கேட்ட பெயர். இவற்றைக் கண்டதும் கை தானாக நீளுகிறது.

இது இயல்புதான். ஆனால் இந்தக் குறுக்கு வழியைப் போட்டுத் தருவது யார்? பெரும்பாலும் பொருளை விற்கும் நிறுவனங்களே.

மைசூர் சாண்டல் சோப்பைப் பாருங்கள். அது பெங்களூரில் பிறந்த சோப்பு. முதல் உலகப் போர் 1914-இல் தொடங்கியது. சந்தனக் கட்டையை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியவில்லை. கட்டைகள் தேங்கின. அப்போது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூர் மன்னர். விசுவேசுவரய்யா திவான். சந்தன எண்ணெய் வடிக்க ஏற்பாடு நடந்தது. அந்த எண்ணெயைக் கொண்டு பெங்களூரில் அரசே சோப்பு செய்தது.

சோப்பு நீள்வட்ட வடிவில் வந்தது. நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்தார்கள். யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் அதன் சின்னம் ஆனது. இவை எதுவும் அழுக்கைப் போக்காது. ஆனால் "இது உயர்ந்த பொருள்" என்று மனதுக்குச் சொல்லும். பெயர் தெரியாதவரும், எழுத்து அறியாதவரும் பெட்டியைப் பார்த்தே வாங்கினார்கள்.

அடையாளம் நல்ல பொருளைக் கண்டுபிடிக்க உதவும். அதே அடையாளம் ஏமாற்றவும் உதவும். 2024 தொடக்கத்தில் ஹைதராபாத்தில் போலி மைசூர் சாண்டல் சோப்பு பிடிபட்டது. பெட்டி அசல் போலவே இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் நட்டம் நமக்குத்தான்.

விலையும் ஒரு குறுக்கு வழிதான். ஒரு சோப்பு 100 கிராம், விலை 40 ரூபாய். இன்னொன்று 75 கிராம், விலை 36 ரூபாய். எது மலிவு? 36 ரூபாய் சோப்பு என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். முதல் சோப்பு கிராம் 40 பைசா. இரண்டாவது கிராம் 48 பைசா. மலிவாகத் தோன்றியதே விலை கூடியது!

அப்படியானால் என்ன செய்யலாம்? பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

எடை எவ்வளவு? அதிகபட்ச விலை எவ்வளவு? அதற்கு மேல் ஒரு பைசாவும் தர வேண்டாம்.

தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா?

குளியல் சோப்பில் டி.எஃப்.எம். என்று ஓர் அளவு இருக்கும். அது சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு. 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம்.

ரசீது கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

படிக்கக் கற்றோம். கடையிலும் படிப்போம்.