மார்கழிப் பனியும் மிளகாய்ச் செடியும்

மிளகாய் ஒரு பருவத்துப் பயிர் என்றே நம்மில் பலரும் கருதி வருகிறோம். இயற்கையில் அது பல்லாண்டு வாழும் செடியாகும். கொல்லைப்புறத்தில் தானே முளைத்த ஊசி மிளகாய் ஆண்டுக்கணக்கில் நின்று காய்ப்பதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்த செடி ஆதலின், உறைபனி அதற்கு எமன். குளிர் நாட்டார் அதனைக் கவாத்துச் செய்து, வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து, வீட்டினுள் சிறிதளவே நீர் காட்டிக் குளிர்காலம் கழியும் வரை காப்பாற்றுகிறார்கள். நம் மாநிலத்திலும் உதகை போன்ற மலையூர்களில் உறைபனி உண்டு.

திருவள்ளூர் மாவட்டத்தில் இத்தொல்லை இல்லை. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் மிளகாயின் வளர்ச்சி பெரிதும் தடைப்படும். இங்கோ தை மாத இரவிலும் பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அப்படியிருக்க, ஐப்பசி முதல் மார்கழி வரை செடிகள் மடிவானேன்? குளிரைக் குறை கூறிப் பயனில்லை. வேரில் தேங்கும் நீரே முதற்காரணம். நீர் நின்ற மண்ணில் காற்றில்லை. காற்றில்லாத வேர் இரண்டொரு நாளிலேயே சோர்ந்து அழுகத் தொடங்குகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை எவரும் மறந்திருக்க முடியாது.

ஆதலால் மேட்டுப்பாத்தியும் வடிகாலுமே மிளகாய்க்கு முதற்காப்பு. குடியானவர் தம் வயலில் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும், ஊர்ப் பொது வடிகால் அடைபட்டிருந்தால் நீர் எங்கே செல்லும்? கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளை அடுத்த ஊர்களில் சாலையும் சுற்றுச்சுவரும் உயர உயர, பழைய நீர்வழிகள் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும். இதனை அக்டோபர் 2 கிராம சபையில் எழுப்பினால் காலம் கடந்துவிடும். அப்போது மழை வாசற்படியில் நிற்கும். ஆகஸ்டு 15 கூட்டத்திலேயே வடிகால் தூர் எடுக்கும் பணியை முடிவு செய்தல் நலம்.

மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் சாம்பல் நோய் தலைகாட்டும். இலையின் அடிப்புறம் வெண்பொடி படியும். மேற்புறம் மஞ்சள் திட்டுகள் தோன்றும். பின்னர் இலைகள் உதிரும். நோய் கண்டவுடன் லிட்டர் நீருக்கு 3 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம். நடுப்பகல் வெயிலில் தெளித்தல் கூடாது, இலை கருகும். நீர் பாய்ச்சுவதைக் காலையில் வைத்துக்கொண்டால் இரவுக்குள் பாத்தியின் மேல்மண் உலர்ந்துவிடும்.

இவ்வாறு பிழைத்த செடியைக் காய்ப்புக் குறைந்ததும் பிடுங்கியெறிய வேண்டுவதில்லை. தை மாதத்தில் ஓரடி உயரம் விட்டு, நல்ல கிளைகள் மூன்று நான்கை நிறுத்தி, மற்றவற்றைக் கூரிய கத்தியால் வெட்டுக. மண்ணைக் கிளறித் தொழுவுரமிட்டு அளவாக நீர் விட்டால் புதுத் தளிர் எழும். மாசி கடந்து வெட்டினால் பயனில்லை. சித்திரை வெயிலில் பூ கொட்டிவிடும்.

வீட்டுத் தோட்டத்திற்கு இம்முறையைத் தயங்காமல் கூறுவோம். ஏக்கர்க் கணக்கில் பயிரிடுவோர் மட்டும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இலை சுருண்டு குறுகிய செடியில் நச்சுயிரி இருக்கக்கூடும்; கவாத்தினால் அது நீங்காது. வெள்ளை ஈ அந்நோயைப் பக்கத்துப் புதுப்பயிருக்குச் சுமந்து செல்லும். இலைப்பேனும் பழைய செடியில் தங்கிப் பெருகும். தை, மாசியில் புது நாற்றங்கால் விடுவோர், விதைப்பதற்கு முன்பே சுருண்ட செடிகளை வேரோடு பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். நாற்றங்கால் பாத்தி அரையடி உயரம் இருக்கட்டும். முளை காணும் வரை வைக்கோல் மூடாக்கு இடுக. முளைத்ததும் அதனை மாலை வேளையில் மெல்ல எடுத்துவிடுக.